நட்சத்திரங்களின் தலையைத் தொடுவதற்கு முன்: சிங்கப்பூரில் சிகை அலங்காரத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

முடி சுருட்டும் சூட்டுக் கருவியான டாங்கில் சுருட்டிய முடியைச் சூடு ஆறும் முன் கீழே விட்டால், நடிகை ஒப்பனை அறையிலிருந்து படப்பிடிப்புத் தளத்துக்கு நடந்து போவதற்குள் பாதிச் சுருள் அவிழ்ந்துவிடும். அதே சுருளை விரலில் சுற்றிய வாக்கிலேயே கிளிப் போட்டு, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்வரை விட்டுவைத்தால் மாலைவரை நிற்கும். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டிலும் ஈரத்திலும் அவிழும். ஆறும்போதும் உலரும்போதும் முடி எந்த வடிவில் இருக்கிறதோ, அந்த வடிவிலேயே மறுபடியும் பூட்டிக்கொள்ளும். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், நாம் பூட்டியதை அந்தக் காற்று ஓயாமல் அவிழ்த்துக்கொண்டே இருக்கும்.

பிரபலங்களுக்கு முடி அலங்காரம் செய்கிறவரின் வேலை அந்தக் காற்றோடுதான். காலை 6 மணிக்குப் போட்ட கொண்டை மாலை 6 மணிக்கும் அப்படியே இருக்க வேண்டும். அழகாகச் செய்யப் பலருக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும்படி செய்யத் தெரிந்தவரைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள்: தொட்டியும் துடைப்பமும்

உலகப் புகழ்பெற்ற முடி அலங்காரக் கலைஞர் விடால் சசூன் லண்டனின் கிழக்குப் பகுதியில் தம் 14 வயதில் தலை கழுவும் பையனாகத்தான் ஆரம்பித்தார். பாண்ட் ஸ்திரீட்டில் சொந்தக் கடை திறந்தது 1954இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. இன்றைக்கு ஆறு மாதப் பயிற்சி முடித்ததும் இன்ஸ்டகிராமில் பக்கம் திறந்துவிடலாம். ஆனால் ஐநூறு தலையைக் கழுவிய கைக்குத் தெரிவது வேறு வழியில் தெரிய வராது.

கழுவும்போதுதான் விரல் கற்றுக்கொள்கிறது. முடி அடர்த்தியா மெல்லிசா, எங்கே சுழி இருக்கிறது, உச்சந்தலையில் புண் இருக்கிறதா, நுனி ரப்பர் போல இழுபடுகிறதா என்பதெல்லாம் கண்ணுக்குமுன் கைக்குத் தெரியும். தண்ணீரை எப்போதும் உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் பார்த்துவிட்டே தலையில் விடுங்கள். வாடிக்கையாளரின் கழுத்துக்கும் தொட்டிக்கும் இடையே மடித்த துண்டு கட்டாயம் இருக்கட்டும்.

நம் ஆட்கள் பலர் தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு வருவார்கள். அப்படிப்பட்ட தலையில் முதலில் தண்ணீரைக் கொட்டினால் எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும். கையில் ஷாம்பு எடுத்து, கொஞ்சமாக ஈரம் சேர்த்துத் தலையில் நன்றாகத் தேயுங்கள். எண்ணெயும் ஷாம்பும் கலந்து பால் போல வெளுத்ததும் தண்ணீர் விட்டு அலசி, இன்னொரு முறை ஷாம்பு போடுங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் எண்ணெய் தங்கிவிடும். அங்கே தங்கிய எண்ணெய்தான் பிறகு கொண்டையில் ஊசியை வழுக்கவிடும்.

படிப்புக்கு வருவோம். தனியார் அழகுக்கலைப் பள்ளிகள் பல இருக்கின்றன. 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்கள், திறன் வளர்க்க அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைத் தகுதிபெற்ற பயிற்சிகளுக்குப் பயன்படுத்தலாம். பள்ளி சொல்வதை மட்டும் நம்பாமல், அந்தப் பயிற்சியின் பெயரை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எத்தனை மணி நேரம் பொம்மைத் தலையில், எத்தனை மணி நேரம் உயிருள்ள தலையில் என்றும் கேளுங்கள். பொம்மைத் தலைக்கு வியர்க்காது, கழுத்து வலிக்காது. அதில் மட்டும் கற்றுக்கொண்டவர் முதல் மணப்பெண்ணிடம் திணறிப்போவார்.

வெட்டு

சசூன் 1960களில் செய்த மாற்றம், ஸ்பிரேயும் ரோலரும் இல்லாமலே வெட்டின் கோணத்தால் முடி தானாக இடத்தில் போய் விழும்படி செய்தது. அதனால் முதலில் கோணம் பழகுங்கள். நெற்றி நடுவிலிருந்து பிடரிவரை ஒரு கோடு, காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு என்று தலையை நாலாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். பிடரியில் ஒரு விரல் அகலத்துக்கு முதல் வரிசையை இறக்கி, தூக்காமல் கழுத்தோடு ஒட்டவைத்து வெட்டுங்கள். அதுதான் வழிகாட்டி வரிசை. அடுத்த வரிசைகள் எல்லாம் அதைப் பார்த்தே வரும். முடியைத் தலையிலிருந்து 90 பாகை தூக்கி வெட்டினால் அடுக்கு வரும். 45 பாகையில் கனம் கீழே சேரும். தூக்காவிட்டால் ஒரே கோடு.

புதியவர்கள் கெடுப்பது பெரும்பாலும் காதருகில்தான். காதின்மேல் முடியைச் சீப்பால் இழுத்துப் பிடித்து வெட்டுவார்கள். விட்டதும் காதின் புடைப்பு முடியைத் தூக்கி, அந்த இடத்தில் மட்டும் பள்ளம் விழும். அங்கே இழுக்காமல், சீப்பின் அகலப் பல்லில் தளர்வாகப் பிடித்து வெட்டுங்கள். சுழி உள்ள இடத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளமாகவே விடுங்கள். நெற்றியில் விழும் முடி சுருளாக இருந்தால் உலர்ந்தபின் வெட்டுங்கள். ஈரத்தில் நீண்டு தெரிவது உலர்ந்ததும் புருவத்துக்கு மேலே ஏறிக்கொள்ளும். ஒருவரின் தலைமுடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வளர்கிறது. தொடர் நாடகத்தில் நடிக்கும் ஒருவரின் முன்முடியைத் தவறாக வெட்டிவிட்டால், அது மூன்று மாதத்துக்குத் திரையில் தெரியும்.

கத்தரி 5.5 அல்லது 6 அங்குலம் போதும். கட்டை விரல் மட்டும் அசைய வேண்டும், மற்றப் பக்கம் அப்படியே நிற்க வேண்டும். முடி வெட்டும் கத்தரியால் வேறு எதையும் வெட்டாதீர்கள், பூ கட்டும் நூலைக்கூட.

நிறம்: கறுப்பு முடியின் கணக்கு

முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை நிலைகளாகச் சொல்வார்கள். 1 கறுப்பு, 10 மிக வெளுத்த பொன்னிறம். தமிழர்களின் முடி பெரும்பாலும் 1 முதல் 3-க்குள் இருக்கும். சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பரில் 10 வால்யூம் என்றால் 3 விழுக்காடு பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. 20 வால்யூம் கறுப்பை ஒன்றிரண்டு நிலைதான் தூக்கும், அதாவது வெளுக்கும். நரை மறைக்க அதுவே போதும். அடங்காத நரைக்கு 45 நிமிடம்வரை விட வேண்டியிருக்கும்.

பெட்டியில் பார்த்த பழுப்பு நிறம் ஏன் தலையில் செம்பாக வருகிறது என்று பலர் கேட்பார்கள். கறுப்பு முடியின் அடியில் சிவப்பும் அதற்குமேல் ஆரஞ்சும் இருக்கின்றன. தூக்கத் தூக்க அவைதான் முதலில் வெளியே தெரியும். இதை வாடிக்கையாளரிடம் வேலை தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, ஏற்கெனவே கறுப்புச் சாயம் போட்ட முடியின்மேல் வெளிர்ச் சாயம் போட்டால் ஒன்றும் ஆகாது. சாயம் சாயத்தைத் தூக்காது. அதற்கு நிறத்தை எடுத்து வெளுக்கும் பிளீச் வேண்டும்.

பிளீச் என்றதும் மூன்று கேள்வி கேட்டே ஆக வேண்டும்: மருதாணி போடுகிறீர்களா, முடியை நிரந்தரமாக நேராக்கும் ரீபாண்டிங் செய்ததுண்டா, சாயம் போட்டு எப்போதாவது அரிப்பு வந்ததுண்டா? கடையில் விற்கும் சில மருதாணிப் பொடிகளில் உலோக உப்பு இருக்கும். அது பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறிப் புகையக்கூடும். பிடரியிலிருந்து நாலைந்து முடியை வெட்டி, கலந்த பிளீச்சில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அரைமணி நேரம் போட்டுப் பாருங்கள். நுரைத்தாலோ சூடானாலோ அந்தத் தலையைத் தொடாதீர்கள். ரீபாண்டிங் முடி ஏற்கெனவே உள்பிணைப்பை உடைத்து ஒட்டவைத்த முடி. அதில் பிளீச் ஏறினால் ஈரத்தில் சேமியா போல இழுபட்டு அறுந்துவிடும். அரிப்பு வந்ததுண்டு என்றாலோ, “கறுப்பு மெஹந்தி” போட்டு எரிந்தது என்றாலோ, சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். யாராக இருந்தாலும், நட்சத்திரமே ஆனாலும், 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவிச் சோதித்துவிட வேண்டும். “நாளைக்கு ஷூட்டிங், இன்றைக்கே போட்டுவிடு” என்று நெருக்குவார்கள். முகம் வீங்கிய நடிகரை வைத்து நாளைக்கும் படமெடுக்க முடியாது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

இதுவரை சாயமே போடாத முழுத் தலையை வெளுக்கும்போது வேரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டு நடுவில் தொடங்கி, வேருக்குக் கடைசியில் வாருங்கள். தலையின் சூட்டில் வேர் வேகமாக ஏறும். முதலிலேயே வேரில் போட்டால் உச்சி ஆரஞ்சாகவும் நுனி கறுப்பாகவும் நிற்கும்.

நிற்கும் கொண்டை, நிற்கும் ஜடை

பிரபலங்களிடம் போகும் வழி இங்கே பெரும்பாலும் கல்யாண வீடு வழியாகத்தான். மணப்பெண் ஜடையைச் சரியாகப் போடத் தெரிந்தவருக்கு மேடையும் திரையும் பழகிவிடும். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறோம்.

முந்தின நாள் தலை குளிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் கூடாது, கண்டிஷனர் நுனியில் மட்டும். காலையில் முடி முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். ஈரமுடியில் சூட்டுக் கருவி வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடியின் நடுவில் குமிழ் விட்டு, அந்த இடத்தில் ஒடியும். அடர்ந்த முடிக்கு 180 பாகை செல்சியஸ், மெல்லிசுக்கு 150 போதும். 200-ஐத் தாண்டவே தாண்டாதீர்கள்.

ஒரு பென்சில் கனத்துக்கு முடி எடுத்து, 32 மில்லிமீட்டர் டாங்கில் எட்டுப் பத்து நொடி வைத்து, வளையமாகவே உள்ளங்கையில் வாங்கிக் கிளிப் போடுங்கள். முழுத் தலையும் முடிந்ததும் ஒப்பனைக்காரரிடம் அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். அந்த அரைமணியில்தான் முடி பூட்டிக்கொள்கிறது. பிறகு பிரித்து, உச்சியில் வேரிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர்வரை மட்டும் அடுக்கடுக்காகப் பின்சீவி (சீப்பை வேரை நோக்கித் தள்ளிச் சீவி), ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு முழம் தள்ளி நின்று ஸ்பிரே அடியுங்கள். கிட்டே நின்று அடித்தால் ஈரமாகி உட்கார்ந்துவிடும்.

ஹேர்பின்னில் நெளிந்த பக்கம் தலைத்தோலைப் பார்க்க வேண்டும், நேரான பக்கம் வெளியே. பாதிப்பேர் தலைகீழாகக் குத்துகிறார்கள். நெளிவுதான் முடியைப் பிடிக்கிறது. ஒரே ஊசி நழுவும் இடத்தில் இரண்டை எக்ஸ் போலக் குறுக்காகக் குத்துங்கள். அதன்மேல் எதை மாட்டினாலும் நிற்கும்.

சவுரி வைக்கிறபோது முடி தோளுக்கு மேலே இருந்தால் வெறும் ரப்பரில் கட்டிப் பயனில்லை. தலையோடு ஒட்டி ஒரு சின்ன அடிப்பின்னல் பின்னி, அதில் சவுரியின் தலைப்பைக் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். கனமான ஜடைநாகமும் குஞ்சமும் தொங்கினாலும் கழன்று வராது. நெற்றிச்சுட்டிக்கு வகிடு மூக்கின் நேர்கோட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அரை விரல் சாய்ந்தாலும் எல்லாப் புகைப்படத்திலும் தெரியும். சுட்டியின் கொக்கியைத் தளர்ந்த முடியில் மாட்டாமல், குறுக்கே குத்திய ஊசியில் மாட்டுங்கள். மாட்டி ஐந்து நிமிடம் கழித்து மணப்பெண்ணைப் புருவம் உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இழுக்கிறது என்றால் அப்போதே ஓர் ஊசியைத் தளர்த்துங்கள். மூன்று மணி நேரம் கழித்து அது தலைவலியாகும்.

பூ கடைசியில். லிட்டில் இந்தியாவின் பஃபளோ ரோடு, கேம்பல் லேன் பூக்கடைகளில் முந்தின நாளே சொல்லிவையுங்கள். முகூர்த்த நாளில் காலையில் போய்க் கேட்டால் எத்தனை முழம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மல்லிகை மொட்டாகவே வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பூ வைத்தபின் ஸ்பிரே அடிக்காதீர்கள், அதிலுள்ள ஆல்கஹால் இதழைக் கருக்கும். அதிகாலை முகூர்த்தம் என்றால் வேலை மூன்று மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் எம்ஆர்டி ஓடாது. டாக்சிக் காசைக் கட்டணத்திலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

படப்பிடிப்புத் தளத்தில்

சலூன் வேலையிலிருந்து வருகிறவருக்கு இங்கே எல்லாமே புதிது. காட்சிகளை வரிசையாக எடுக்க மாட்டார்கள். கதவைத் திறந்து உள்ளே வருவது இன்றைக்கு, கதவுக்கு வெளியே நிற்பது மூன்று வாரம் கழித்து. அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் முன், பின், இரு பக்கம் என்று நாலு படம் எடுத்துக் காட்சி எண்ணோடு சேமியுங்கள். படம் மட்டும் போதாது, ஒரு குறிப்பும் எழுதுங்கள்: வகிடு எந்தப் பக்கம், எந்தக் காதுக்குப் பின்னால் முடி, முன்னால் விழும் கற்றை எத்தனை, பூ எத்தனை விரல் நீளம். நடிகர் வெயிலில் நின்று வியர்த்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

கேமரா பிசிறு முடியைக் கண்ணைவிடக் கூர்மையாகப் பார்க்கும். விளக்கு பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு பிசிறும் எரிவதுபோல ஒளிரும். புதிய பல்துலக்கியில் ஸ்பிரே அடித்து, வகிட்டோரம் மெல்ல வருடிப் படியவையுங்கள். பச்சைத் திரைக்கு முன் எடுக்கும் காட்சியில் இது இன்னும் முக்கியம். பிசிறுகளைச் சுற்றிப் பச்சை ஒட்டிக்கொண்டால் படத்தொகுப்பில் அதை எடுப்பது பெரும்பாடு. சட்டையில் குத்தும் சிறு மைக் எந்தப் பக்கம் என்று ஒலிப்பதிவாளரிடம் கேட்டு, அந்தப் பக்க முடியைத் தோளுக்குப் பின்னால் தள்ளுங்கள். முடி உரசினால் வசனத்தின்மேல் சரசரவென்று சத்தம் விழும்.

காட்சி ஓடும்போது மானிட்டர் தெரியும் இடத்தில் நில்லுங்கள். “கட்” சொன்னதும் ஓடிப்போய்த் தலையைத் தொடாதீர்கள். நடிகர் அழும் காட்சியில் இருக்கலாம். இயக்குநரின் உதவியாளர் தலையசைத்தபின் போய், முப்பது நொடிக்குள் முடித்து வெளியே வாருங்கள்.

ஒரு நட்சத்திரம் ஒருவரிடமே ஆண்டுக்கணக்கில் தலையைக் கொடுப்பதற்குக் காரணம் கைத்திறன் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஸோயி டே, ஃபான் வோங் போன்ற மீடியாகார்ப் நட்சத்திரங்களின் சிகை அலங்காரக் கலைஞராக டேவிட் கான் அறியப்பட்டது நீண்ட காலத்து உறவால். ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தொலைபேசியில் அழுவார், கணவரோடு சண்டை போடுவார், சம்பளம் பேசுவார், முடி கொட்டுவதைச் சொல்லி வருந்துவார். அதில் ஒரு சொல்கூட வெளியே போகக்கூடாது, உங்கள் வீட்டுக்குக்கூட. படமும் அப்படியே. எழுத்தில் அனுமதி இல்லாமல் எதையும் பதிவேற்றாதீர்கள். நாடகத்தில் வரப்போகும் தோற்றத்தை ஒளிபரப்புக்கு முன் வெளியிட்டால் அந்தக் குழுவின் கதவு உங்களுக்கு மூடிவிடும்.

உள்ளே நுழைவது எப்படி

நேராக வசந்தம் ஒளிவழியின் நாடகக் குழுவுக்கு எழுதுவதைவிட, ஏற்கெனவே அங்கே போகும் ஒப்பனைக் கலைஞர்களுக்கு உதவியாளாகப் போவது பலன் தரும். அரங்கேற்றங்கள், மேடை நாடகங்கள், ஆண்டுதோறும் நவம்பரில் எஸ்பிளனேடில் நடக்கும் கலா உத்சவம் போன்ற விழாக்களில் ஆட வருகிற பள்ளிகள் என எல்லாவற்றுக்கும் கைகள் தேவைப்படும். ஒரே மாலையில் இருபது பிள்ளைகளுக்குக் கொண்டை போட்டவருக்கு வேகம் தானாக வரும்.

உங்கள் வேலையைக் காட்டும் புகைப்படத் தொகுப்பில் பன்னிரண்டு படம் போதும். அதில் குறைந்தது இரண்டு, அலங்காரம் போட்டு எட்டு மணி நேரம் கழித்து எடுத்த படங்களாக இருக்கட்டும். நேரத்தையும் எழுதிவையுங்கள். தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

தமிழ் நாட்காட்டியோடு வேலையைத் திட்டமிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் அபூர்வம். அந்த மாதங்களைப் பயிற்சிக்கும் கத்தரி சாணை பிடிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். தைக்கும் ஆவணிக்கும் முன்பணம் வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் சலூனில் உட்கார நேரமிருக்காது. செவ்வாய், வெள்ளிகளில் முடி வெட்டாத வீடுகள் பல உண்டு, அவர்களுக்கு அந்த நாளைப் பரிந்துரைக்காதீர்கள்.

பணமும் காகிதமும்: சலூனில் ஊழியராக இருக்கும் சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் மத்திய சேம நிதி உண்டு. 55 வயதுவரையிலான சிங்கப்பூரருக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17. தனியாகச் செய்யத் தொடங்கினால் அது உங்கள் பொறுப்பு. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கட்ட வேண்டும். வேறு பெயரில் தொழில் செய்தால் தொழில்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான அக்ராவில் பதிய வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் முடி அலங்காரம் செய்ய, வீட்டுச் சிறுதொழில் திட்டத்தின்கீழ் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் வெளியாளை வேலைக்கு வைப்பதும் வாசலில் பலகை மாட்டுவதும் கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவும் கூடாது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் இதை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள்: சீட்டில் குறித்த முதலாளியைத் தவிர வேறு எங்கும், தெரிந்தவர் கல்யாணத்தில்கூட, காசு வாங்கிச் செய்வது சட்டப்படி குற்றம்.

விலை சொல்லும்போது எத்தனை தலை, எத்தனை மணிக்குத் தொடக்கம், பூவும் சவுரியும் யாருடையது, கூடுதல் நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதிவிடுங்கள். பாதிப் பணம் முன்பாக. “தங்கச்சிக்கும் சும்மா ஒரு பூ வச்சு விடுங்க அக்கா” என்று நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். முதலில் எழுதிவைத்தால்தான் அன்போடு மறுக்க முடியும்.

உடம்பும் பெட்டியும்

நாள் முழுக்க நிற்கும் தொழில். நாற்காலியின் உயரத்தை வாடிக்கையாளருக்கு ஏற்றபடி மாற்றுங்கள், உங்கள் முதுகை வளைக்காதீர்கள். ஷாம்பும் சாயமும் தொடர்ந்து பட்டால் விரலிடுக்கு வெடித்துத் தோல்நோய் வரும். நைட்ரில் கையுறையை முதல் நாளிலிருந்தே போடுங்கள். சீப்பை ஒவ்வொரு தலைக்கும் மாற்றி, முடியை எடுத்துச் சோப்பில் கழுவியபின் கிருமிநாசினியில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். முடி சிக்கிய சீப்பை அப்படியே போட்டால் மருந்து வேலை செய்யாது.

பெட்டியில் ஊசிகளை நூறு நூறாக எண்ணி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். மணப்பெண்ணுக்கோ நடிகைக்கோ எத்தனை குத்தினீர்கள் என்பதைக் குறித்துவைத்து, வேலை முடிந்து பிரிக்கும்போது அத்தனையும் வந்ததா என்று எண்ணுங்கள். 42 குத்தி 41 வந்தால் பிடரியில் ஒன்று நிற்கிறது என்று பொருள். விரலால் தலையைத் தடவிக் கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் அதன்மேலேயே அவர் படுத்துத் தூங்குவார்.